ரொட்டி மாஸ்டரின் மூச்சு

என் தங்கை கணவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேக்கரியில் மாவு பிசைந்து ரொட்டி சுடுகிற தலைமை ஆள் என்பதால் வந்த பெயர். முதலாளிக்கும் அவர் மாஸ்டர், தெருக்காரர்களுக்கும் மாஸ்டர். கோபம் வந்தால் என் தங்கையும், "ஆமா, பெரிய மாஸ்டர்!" என்பாள். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன். நான் பஸ் ஓட்டுகிறவன். என்னை ஆர்டர் போட்டு வேலை வாங்குகிறவர்கள் டிப்போவில் போதுமான அளவு இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மாஸ்டர் எனக்குத் தேவையில்லை.

பேச்சில் மனிதர் மகா கஞ்சன். வாயைத் திறக்க வைப்பதற்குள் நமக்குத் தாகம் எடுத்துவிடும். ஆனால் மாவுக்கு முன்னால் நின்றுவிட்டால் ராஜாதான். மேசையில் ஒட்டாமலிருக்க ஒரு பிடி உலர்ந்த மாவை எடுத்து ஒரு சுண்டு சுண்டுவார். மேசை முழுக்க ஒரே சீராக விழும். பாதி மேசையில், பாதி காற்றில். வேலை முடிந்து வெளியே வரும்போது புருவம், காது மடல், மூக்குமுடி எல்லாம் வெள்ளை. "மாப்ளே, ஒரே நாள்ல கிழவனாயிட்டீங்களே" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

என் தங்கையும் சும்மா இருக்கிறவள் இல்லை. அந்த பேக்கரிக்கு மாவு துணிப்பையில்தான் வரும். காலிப் பைகள் மாஸ்டருக்கு என்பது அங்கே ஒரு வழக்கம். அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அவள் பிரித்து, துவைத்து, கடைப்பை, தலையணை உறை, சமையலறைத் துண்டு என்று தைத்து விற்பாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த வண்டி அது. அடுத்தவரிடம் கை நீட்டாத குடும்பம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

முதலில் தும்மலாகத்தான் ஆரம்பித்தது. விடியற்காலையில் வேலைக்குப் போனதும் வரிசையாகத் தும்முவார், கண்ணைக் கசக்குவார். பேக்கரியில் யார்தான் தும்மவில்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு இருமல். பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது. அதற்கும் பிறகு, படுத்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்பது. தெருமுனை டாக்டர் சளி மருந்து கொடுத்தார், ஆன்டிபயாடிக் கொடுத்தார், கடைசியில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ என்று ஒரு வரி. அளவு எண்ணூற்றுச் சொச்சம். பக்கத்தில், நூறுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. என் தங்கை அந்தக் காகிதத்தோடு எனக்கு போன் செய்து அழுதாள்.

"அண்ணே, எட்டு மடங்குண்ணே! ரத்தத்துல அலர்ஜி எட்டு மடங்கு இருக்காம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"புழு இருந்தாலும் ஏறுமாம். அதுக்கு மாத்திரை குடுத்தாரு. ஒண்ணும் குறையல. ஏதோ ஒண்ணு ஒத்துக்கலங்கிறாரு. அது என்னன்னு கண்டுபிடிக்கணுமாம்."

நான் அப்போது அவளுக்கு என் தொழில் பாஷையில் சொன்னேன். ஹாரன் சத்தம் கேட்கிறது என்றால் எவனோ எதற்கோ ஹாரன் அடிக்கிறான் என்று அர்த்தம். குறுக்கே வந்தது ஆடா ஆட்டோவா என்று ஹாரன் சொல்லாது. அதுபோல உடம்பு எதையோ பார்த்துக் கூச்சல் போடுகிறது. அந்த எண் கூச்சலின் அளவு மட்டும்தான். இதை நான் ரொம்பத் தெளிவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவள், "நீ சும்மா இரு" என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்து ஒரு பெரிய ஆய்வகத்தில் இன்னொரு பரிசோதனை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அந்த ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. முட்டை, பால், வேர்க்கடலை, இறால், தூசிப் பூச்சி, பூனை, கரப்பான், கோதுமை என்று நீளமாக வந்தது முடிவு. சிலவற்றுக்கு நேரே கொஞ்சம், சிலவற்றுக்கு நேரே இன்னும் கொஞ்சம். அதை யாரும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை. குடும்பமே உட்கார்ந்து தீர்ப்பு எழுதியது. நானும் போனில் கலந்துகொண்டேன்.

முட்டை கிடையாது. பால் கிடையாது. கடலை, இறால் கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் பக்கம் வந்தால் என் தங்கை துடைப்பத்தோடு பாய்வாள். வெளித் தூசி வரக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணியைச் செருகினாள். மின்விசிறி தூசியைக் கிளப்பும் என்று அதுவும் நின்றது. இரண்டே அறை வீடு. உள்ளே நுழைந்தால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி இருக்கும். அந்தப் பெட்டிக்குள் அவர், வெறும் சோறும் வேகவைத்த காயும் சாப்பிட்டுக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருப்பார்.

கோதுமை வரிக்கு வந்தபோது மட்டும் எல்லோரும் சிரித்தோம். "தினமும் காலைல ரொட்டி சாப்பிடுறாரு, ஒரு நாளும் ஒண்ணும் ஆகலையே! இது ஆய்வகத்துல தப்பாப் போட்டிருக்கான்" என்றாள் தங்கை. நானும் ஆமாம் என்றேன். மாப்பிள்ளையும் தலையாட்டினாராம். அந்த ஒரு வரியின் மேல் மட்டும் கோடு கிழித்தோம்.

மாவாக இருக்குமோ என்று தெருமுனை டாக்டர் ஒருமுறை கேட்காமலும் இல்லை. "லீவு நாள்ல எப்படி இருக்கு? வீட்ல இருந்தா குறையுதா?" என்றாராம். "இல்ல டாக்டர், லீவு நாள்லதான் ஜாஸ்தி" என்றாராம் இவர். உண்மையும் அதுதான். அப்புறம் டாக்டர் மாவுப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கால் உடைந்தது. இத்தனை காலம் வண்டி ஓட்டி, ஓடும் வண்டியில் ஒரு கீறல் படாதவன், நின்ற வண்டியிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தேன். டிப்போவே கூடி நின்று சிரித்தது. என் மனைவி வேலைக்குப் போகிறவள். எனக்குத் துணையாக இருக்க மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்தார். நான் இருப்பது வேறு ஊர், நாலு மணி நேரப் பயணம்.

நோயாளிக்கு நோயாளி துணை என்று நினைத்தேன். வந்த மூன்றாம் நாளே மனிதர் மாறிவிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். மாடியில் துணி காயப்போட ஏறி இறங்கினார், மூச்சு வாங்கவில்லை. என் மனைவி விஷயம் தெரியாமல் முட்டை பொரித்து வைத்தாள். நான் தடுப்பதற்குள் இரண்டைச் சாப்பிட்டுவிட்டார். அடுத்த நாள் கடலையை நானே நீட்டினேன், ஆர்வக்கோளாறுதான். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் உடைந்த காலோடு நான் என்ன செய்திருப்பேன்?

"மச்சான், உங்க ஊர் காத்து நல்ல காத்து" என்றார்.

"பஸ் புகை மாப்ளே. வேற ஒண்ணும் இல்ல."

திரும்பிப் போன முதல் வார லீவு நாளிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. தங்கை போனில் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். கட்டுப் பிரித்த காலோடு, கைத்தடி ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கே நெஞ்சு நோய்க்கென்று இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. எங்கள் காகிதங்களை எல்லாம் வாங்கி ஒரு புரட்டு புரட்டி, ஓரமாக வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு செலவழித்து எடுத்த காகிதம்!

"முட்டை சாப்பிட்டா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆனதில்லம்மா. நிறுத்தினப்புறம்தான் ஆசையா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "ரத்தத்துல ஒரு பொருளுக்கு எதிர்ப்பொருள் இருக்குன்னா, உங்க உடம்பு அதை அடையாளம் வெச்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அதுதான் நோய்னு அர்த்தம் இல்ல. சாப்பிட்டு ஒண்ணும் ஆகாததை எதுக்கு நிறுத்தினீங்க? இந்த எண்ணூறும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதைக் குறைக்கணும்னு ஓடவும் வேண்டாம். எது பட்டா மூச்சு அடைக்குது, அதைச் சொல்லுங்க."

"லீவு நாள்லதாங்க" என்றாள் தங்கை.

"லீவு நாள்ல காலைல எழுந்ததுலேர்ந்து என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மாப்பிள்ளை யோசித்து யோசித்துச் சொன்னார். எழுந்ததும் பாலில்லாத டீ. அப்புறம் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிற மாவுப் பைகளை இழுத்துப் போட்டு, தங்கை ஒரு முனை, இவர் ஒரு முனை பிடித்து உதறுவார்கள். தைப்பதற்கு முன்னால் உதறித்தானே துவைக்க வேண்டும். முன்பெல்லாம் மொட்டை மாடியில் உதறினார்கள். காய்கிற துணியில் மாவு படிகிறது என்று மேல் வீட்டுக்காரர்கள் சண்டை போட்டதால், இப்போது அறைக்குள்ளேயே.

"ஜன்னல்?"

"சாத்தித்தான் இருக்கும்மா. தூசி வந்துருமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். என் தங்கையின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். யாரும் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆனா அவர் தினமும் ரொட்டி சாப்பிடுறாரேம்மா" என்று நான்தான் கேட்டேன். தோற்கிற வழக்கில் கடைசி வாதம்.

"சாப்பிடலாம். வெந்தது வயித்துக்குப் போறது வேற, பச்சை மாவு நெஞ்சுக்குள்ள போறது வேற. மாவு வேலைல இருக்கிற பல பேருக்கு இப்படித்தான். ரொட்டி ஒத்துக்கும், மாவுத் தூசி ஒத்துக்காது." கோடு கிழித்திருந்த அந்த வரியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "இதை மட்டும் ஏன் அடிச்சீங்க?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

மூச்சின் வேகத்தை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் அதில் ஊதிப் பார்க்கச் சொன்னாள். வீட்டில் பைகள் எல்லாம் வெளியேறின. தங்கை தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். ஜன்னலிடுக்குத் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். "நான்தாண்ணே அவரை மூச்சு முட்ட வெச்சிருக்கேன், என் கையால" என்று அழுதாள். அட அசடே, நாம எல்லாரும்தான் என்றேன். லீவு நாட்களில் அவர் ஊதினால் குழாயின் முள் ஜோராக ஏறியது. வேலை நாட்களில் பொத்தென்று கீழே கிடந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "மாவை விட்டு விலகணும். மருந்து தர்றேன், முகமூடியும் போடுங்க. ஆனா அது முழுசா காப்பாத்தாது. மருந்தைப் போட்டுக்கிட்டே மாவுக்குள்ள நின்னா, ஒரு கட்டத்துக்கு மேல நெஞ்சு பழையபடி ஆகாது. சீக்கிரம் விலகினா நல்லா ஆயிடுவீங்க."

"வேற வேலை எனக்குத் தெரியாதும்மா" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசிய ஒரே முழு வாக்கியம் அது.

என்ன நோய் என்று தெரியாதவரை, தெரிந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். தெரிந்த பிறகுதான் கதவு சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு மேசைதான். கண்ணை மூடிக்கொண்டு மாவைத் தொட்டால் தண்ணீர் போதுமா போதாதா என்று விரல் சொல்லிவிடும். அந்த விரலை வைத்துக்கொண்டு வேறெங்கே போய் நிற்பது? முதலாளி நல்ல மனிதர். "கல்லாவுல உட்காருங்க மாஸ்டர், உங்களை யார் போகச் சொன்னா?" என்றார். உட்கார்ந்து பார்த்தார். கல்லாவுக்கும் மாவு மேசைக்கும் நடுவில் ஒரு திரைதான். சாயங்காலத்துக்குள் விசில் வந்துவிட்டது.

அப்புறம் முகமூடி போட்டுக்கொண்டு மறுபடியும் மேசைக்கே போனார். எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கை காலைக் கட்டிப் போட்டிருப்பாள். "கல்லாவுலதான் இருக்கேன், ஓரமா" என்று பொய் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, காது மடலில் வெள்ளை இருந்தது. பார்த்தும் பாராததுபோல் இருந்தாள் என் தங்கை. அவளைத் திட்டப் போனேன். "போகாதீங்கன்னு சொன்னா மூஞ்சி செத்துப்போகுதுண்ணே. போனா மூச்சு செத்துப்போகுது. நான் எதைப் பாக்கிறது?" என்றாள்.

முடிவு மாவுக் கிடங்கில் வந்தது. ஈரம் படாமலிருக்க அந்தக் கிடங்குக்கு ஜன்னலே வைக்கவில்லை. மூட்டை ஒன்று சரிந்து, வாய் பிரிந்து, உள்ளே இவர். புகை மாதிரி எழுந்த மாவில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். முகமூடியையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார், அது மூச்சை அடைக்கிறது என்று நினைத்து. அவருக்கு உதவியாக மாவு பிசைகிற இரண்டாம் ஆள் இழுத்து வெளியே போடும்போது உதடு நீலம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் என் தங்கையைப் பார்த்துச் சொன்னது: "இனிமே போகமாட்டேன். பயந்துட்டேன்."

எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அட்டைப்பெட்டி அடுக்குகிற வேலை. சுத்தமான இடம், குளிரூட்டி உண்டு, ஒரு துளி தூசி கிடையாது. உட்காரச் சொன்னால் உட்காருவார், அடுக்கச் சொன்னால் அடுக்குவார். அங்கே அவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. "ஏப்பா" என்கிறார்கள். தங்கை இப்போது கடையில் துணி வாங்கித் தைக்கிறாள். விசில் நின்றுவிட்டது. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா, எண்ணூறு இறங்கியிருக்குமா என்று அவள் கேட்டதற்கு, "அந்த எண் அப்படியேகூட இருக்கலாம், அவர் நல்லா மூச்சு விடுறாரு இல்ல?" என்றாளாம் டாக்டரம்மா.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆகியும் அவரைக் காணவில்லை. "பேக்கரி முன்னாடி நிப்பாருண்ணே. வேலை விட்டா நேரா அங்கதான். உள்ள போறதில்ல. கூட்டிட்டு வா" என்றாள் தங்கை.

பேக்கரியின் பக்கவாட்டில், தெருவைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி. அதன் முன்னால் நின்றிருந்தார், நெற்றி கண்ணாடியில் படுகிற மாதிரி. உள்ளே பழைய இரண்டாம் ஆள் மாவு பிசைந்துகொண்டிருந்தான். இவர் விரல் கண்ணாடியைத் தட்டியது. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். அவன் நிமிரவில்லை. திடீரென்று, வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டிராத மனிதர், நெஞ்சு நிறைய இழுத்து ஒரு கத்து கத்தினார்.

"தண்ணி ஜாஸ்தி ஆயிருச்சுடா! இன்னும் மாவு போடு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். உள்ளே இருந்தவன் தலை நிமிர்ந்து, இவரைப் பார்த்து, மாவைத் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்பதுபோல் தலையசைத்தான். அப்புறம் வேலையில் மூழ்கிவிட்டான்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன மாப்ளே, ஊரைக் கூட்டுறீங்க?"

"மச்சான், பாத்தீங்களா? அவ்ளோ சத்தமா கத்தினேன். ஒரு இருமல்கூட வரல."

"நல்லதுதானே மாப்ளே."

"நல்லதுதான். மூச்சு பூராவும் திரும்பி வந்துருச்சு." கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இத வெச்சுக்கிட்டு இனிமே நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிற நான், அந்தத் தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.